ஒரு வீச்சு, ஓர் அடி

ஒரு வீச்சு, ஓர் அடி. அதுதான் இந்த ஆற்றின் சட்டம் என்று ஞாயிற்றுக்கிழமையே சம்பந்தி ஒட்வார் சொல்லிக்கொடுத்துவிட்டார். தூண்டிலை எதிர்க்கரைப் பக்கம் வீசவேண்டும், முனையில் கட்டிய பொய் இறகுப்பூச்சி ஓட்டத்தோடு வளைந்து தன் கரைக்கு வந்துசேரும்வரை பொறுக்கவேண்டும், பிறகு ஓர் அடி கீழே இறங்கித் திரும்ப வீசவேண்டும். நின்ற இடத்தில் நின்றுகொண்டு இரண்டாம் முறை வீசக்கூடாது. பின்னால் வருகிறவனுக்கு அது அவமரியாதை. தில்லைநாதன் வீசினார். மார்புவரை வரும் ரப்பர் காற்சட்டைக்குள் முழங்கால் இரண்டும் விறைத்துக் கட்டையாகியிருந்தன. ஓர் அடி. கால் கல்லைத் தேடியது, வழுக்கியது, பிடித்தது. பின்னால் இருபது முப்பது அடி தள்ளி மகன் ஆரூரன் வருகிறான். அவனுடைய கயிறு காற்றில் விசுக்கென்று போகிற சத்தம் கேட்கிறது, ஆளைத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கலாம். பார்த்தால் அவன் வேறெங்காவது பார்ப்பான். புதன்கிழமையிலிருந்து அப்படித்தான். இன்றைக்குச் சனி. பன்னிரண்டு மணியோடு இந்த ஆற்றில் வருசாவருசம் ஒட்வார் குடும்பத்துக்குக் கிடைக்கிற ஏழு நாள் கிழமை முடிகிறது, மரக்குடிலைக் கூட்டித் துடைத்து அடுத்த குடும்பத்திடம் சாவியைக் கொடுக்கவேண்டும். இப்போது மணி ஒன்பதரை. ‘ஒரு விசயம் நேரில கதைக்கவேணும் அப்பா, ஆத்துக்கு வாங்கோ’ என்று நோர்வேயின் அடுத்த அந்தத்திலிருந்து கூப்பிட்ட பிள்ளை, ஆறு நாளாகியும் அந்த விசயத்தை வாயில் எடுக்கவில்லை. இந்த மடுவின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டில் சாய்ந்து நிற்கிற வெள்ளைப்பட்டை மரம்வரை நூறு அடி இருக்குமா? அப்படியென்றால் நூறு வீச்சு. அதற்குள் அவன் கதைக்கவேண்டும். கதைக்காவிட்டால்? தில்லைநாதன் ஒரு மடத்தனமான வேலை செய்துவிட்டு வந்திருந்தார், அது இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டை விட்டுக்கொடுத்தாயிற்று. வடக்குக் கடலோரத்து ஊரில், அவரும் பெண்சாதி மனோரஞ்சிதமும் முப்பத்தொரு வருசம் இருந்த நகரசபை வீடு. போன வெள்ளிக்கிழமை தன் கையாலேயே கடிதம் எழுதி, ஓகஸ்ட் மாத முடிவோடு வெளியேறுகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, நகரசபை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினார். கடிதத்தைப் போட்ட கையோடு ஒரு துள்ளல் வேறு, அறுபத்துநாலு வயசில். எல்லாம் அந்தத் தொலைபேசி செய்த வேலை. ‘கீழ்வீட்டைத் திருத்துறம் அப்பா, தனிக் குசினி, தனிக் குளியலறை, படி ஏறத் தேவையில்லை’ என்றான் ஆரூரன். படி ஏறத் தேவையில்லை. முழங்கால் தேய்ந்த ஒருவனுக்குத்தானே அந்தப் பேச்சு? மருமகள் சில்யேக்கு ஏழு மாதம். பிள்ளை பிறந்தால் வீட்டில் ஒரு பெரிய ஆள் வேண்டும், கீழ்வீடு ஆயத்தமாகிறது, நேரில் கதைக்கவேண்டும். இதை விளங்கிக்கொள்ள வாத்தியார் வைத்துப் படிக்கவேண்டுமா? வீசினார். இறகுப்பூச்சி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, வெயில் தண்ணீரில் தெறித்துக் கண்ணைக் குத்தியது. ஓர் அடி. இந்த நாட்டு நகரசபைகள் மற்ற எதற்கும் ஆறு மாதம் எடுக்கும், இதற்கு மட்டும் திங்கட்கிழமையே பதில் அனுப்பிவிட்டார்கள். குடிலின் கழிவறையில் இருந்து கைபேசியில் வாசித்தார்: கடிதம் கிடைத்தது, நன்றி, வீடு செப்டெம்பர் முதலாம் தேதியிலிருந்து வேறொரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அப்போது அது நல்ல செய்தியாக இருந்தது. திங்கட்கிழமை நல்ல கிழமையாகத்தான் இருந்தது.

தானாகக் கேட்டால் என்ன? தம்பி, கீழ்வீடு எனக்குத்தானே என்று ஒரு கேள்வி. நாக்கு எழும்பாது. ஏனென்றால் முன்பு வேண்டாம் என்று சொன்னதும் இதே நாக்குத்தான். இரண்டு வருசத்துக்கு முன், மனோரஞ்சிதத்தின் செத்தவீட்டில், நாற்பது சனம் சுற்றி நிற்க ஆரூரன் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, எங்களோட வந்து இருங்கோ” என்று கேட்டான். பெண்சாதி செத்த மூன்றாம் நாள், இந்தா வாறன் என்று சனத்துக்கு முன்னால் ஒருவன் துள்ளுவானா? “இல்லைத் தம்பி, அம்மாவை விட்ட இடத்தை விட்டு நான் வரன்” என்றார். சொல்லும்போதே அடுத்த கேட்டலுக்கு ஆயத்தமாக நின்றார். எங்கட சனத்தில் முதற்கேள்விக்கு யார் ஓம் சொல்கிறான்? தேத்தண்ணி குடிக்கிறியளோ என்றால் வேண்டாம் என்கிறது, சும்மா குடியுங்கோ என்றால் இப்பதான் குடிச்சது என்கிறது, மூன்றாம் முறை கோப்பையைக் கொண்டுவந்து கையில் வைத்துவிடுவார்கள், பிறகு ஒரு மறுப்பும் சொல்லாமல் குடிக்கிறது. அதுதான் ஒழுங்கு. ஆரூரன் தலையை ஆட்டினான். “சரி அப்பா, உங்கட விருப்பம்” என்றான். அவ்வளவுதான். இரண்டாம் முறை இல்லை. இரண்டு வருசமாக ஒவ்வொரு தொலைபேசியிலும் இரண்டாம் முறைக்காக அவர் காத்திருந்தார், மகன் வானிலை கேட்டான். பிள்ளையில் பிழை சொல்லேலாது, இந்த நாட்டில் பிறந்தவன், இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம். இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரிக் குளிரில் மீன் தொழிற்சாலை மேற்பார்வையாளன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு? வேண்டாம். இறைச்சி? வேண்டாம். தட்டு ஆளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து இருவரும் பாணும் சீனியும் தின்றார்கள். “இஞ்சை வேண்டாம் எண்டால் வேண்டாம்தானப்பா, வாயைத் திறந்து கேட்டுச் சாப்பிடுங்கோ” என்று மனோரஞ்சிதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் ஒரு மாரிக்குள் பழகிக்கொண்டாள். இவர் முப்பத்தாறு மாரி கண்டும் பழகவில்லை. ஓர் அடி. இந்த ஆற்றைப் பார், இதுவும் அப்படித்தான், ஒரு தண்ணீருக்கு ஒரு வீச்சு, பிறகு அடுத்த இடம்.

குடில் பக்கமிருந்து வாள் அறுக்கிற சத்தம் கேட்டது. கர்ரென்று எழும்பி, நின்று, திரும்ப எழும்பியது. ஒட்வார் எதையோ அறுக்கிறார். சில்யேயின் தகப்பன், சம்பந்தி என்று இங்கே சொல்ல ஒரு சொல்லும் இல்லை, ஒட்வார் என்றுதான் கூப்பிடவேண்டும், அவரும் தில்லை, நீ இப்படிப் பிடி, தில்லை, நீ அங்கே நில் என்கிறார், இந்த மொழியில் கடவுளுக்கும் நீதான், நாய்க்கும் நீதான். எதை அறுக்கிறார்? விறகா, பலகையா? அந்தப் பலகையா? குடிலின் உள்சுவரில் வரிசையாக மரத்தில் வெட்டிய மீன்கள் ஆணியடித்துத் தொங்குகின்றன, இருபத்துமூன்று. ஒட்வாரின் பாட்டன் காலத்திலிருந்து வருகிற பழக்கம். எட்டுக் கிலோவுக்கு மேல் ஒரு சால்மன் பிடித்தால் அதைப் பலகையில் கிடத்திச் சுற்றிவர பென்சிலால் கீறி, அதே அளவில் அறுத்து, பிடித்தவன் பெயரும் தேதியும் எழுதி அடிப்பார்கள். ஆற்றின் சொந்த மீனுக்கு மட்டும்தான் அந்தச் சுவர். கடல் பண்ணையிலிருந்து தப்பி வந்த மீன் என்றால் ஒட்வார் அதைக் கரையிலேயே அடித்துக் கொன்று பூனைக்குப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை, வெளியே வாங்கில் இருந்து கோப்பி குடித்தபடி, விளங்கப்படுத்தினார். அதுகளுக்குச் சொந்தமாக ஓர் ஆறு இல்லை, தில்லை, தொட்டியில் பிறந்ததுகள். வலை பிய்ந்தால் கண்ட கண்ட ஆற்றில் ஏறும். எங்கள் மீனோடு சேர்ந்து முட்டை போட்டால் குஞ்சுகளுக்கு வழி தெரியாமல் போய்விடும், ஒரு தலைமுறையில் ஆறே கெட்டுப்போகும். சொல்லிவிட்டுத் தன் மகளின் வயிற்றை நினைத்தாரோ என்னவோ, பிறக்கப்போவது பெடியன்தான் என்று சிரித்தார். ஆரூரனும் சிரித்தான். தில்லைநாதனும் சிரித்தார், கடைசியாக. அந்த மனிசன் ஒன்றையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. மீனைப் பற்றித்தான் சொன்னார். ஒட்வாரிடம் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது, ஆறு நாள் தேடிப் பார்த்தாயிற்று, அதுதான் பொறுக்கமுடியாமல் இருக்கிறது.

புதன் காலையில் ஆரூரன் அந்த மீனைப் பிடித்தான். எட்டுக் கோடையாக இந்த ஆற்றுக்கு வருகிறான், சுவரில் ஏறத்தக்க ஒன்று கிடைக்கவில்லை, அன்றைக்குத் தடி வில்லாக வளைந்து கயிறு ஓட, “அப்பா! அப்பா!” என்று கத்தினான். தமிழில் கத்தினான். சின்னனில் சைக்கிளில் முதல் தரம் தானாக ஓடினபோது கத்தின அதே குரல். அரைமணித்தியாலம் இழுபறி. ஒட்வார் வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார், தில்லைநாதன் கரையில் கையைப் பிசைந்துகொண்டு ஓடித் திரிந்தார், வைரவரை எல்லாம் கூப்பிட்டார். ஒன்பது கிலோ இருநூறு, ஆண் மீன். பெண் மீனைத் திரும்ப விட்டுவிடவேண்டும், ஆணை வைத்திருக்கலாம். படம் எடுத்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், ஒட்வார் கத்தி முனையால் கொஞ்சம் செதிலைச் சுரண்டி உறையிலிட்டு எழுதினார், மாரிக்குள் ஆராய்ச்சிக்காரருக்கு அனுப்புவார்களாம். பலகையில் கிடத்திக் கீறியாயிற்று. சுவரில் ஏறுகிற முதல் வேற்றுப் பெயர், ஆரூரன் தில்லைநாதன், தகப்பனின் பெயரும் அல்லவா ஏறப்போகிறது. அப்போது மகன், கத்தியை நீட்டி, “அப்பா வெட்டட்டும், இருபத்தேழு வருசம் இதுதான் அவற்ற வேலை” என்று ஒட்வாருக்கு நோர்வே மொழியில் சொன்னான். பெருமையாகத்தான் சொன்னான். யாரும் அவரைப் பற்றி அப்படிச் சொல்லி எத்தனை காலம். வீசு, மறந்துபோய் நிற்கிறாய், வீசு. தில்லைநாதன் வீசினார், கயிறு காலடியில் குவிந்து விழுந்தது. அன்றைக்குக் கத்தியை வாங்கினார். விரல்கள் மடங்கி நிற்கிற கைதான், ஆனால் கத்தியைக் கண்டால் அது வேறு கை. குதத்திலிருந்து தாடைவரை ஒரே இழுவை. திறந்தார். குடல் கையோடு வரவில்லை. வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பசை பூசினதுபோல், அங்கங்கே கறுப்புத் திட்டு. பண்ணைக் குஞ்சுக்கு வயிற்றில் தடுப்பூசி போடுவார்கள், அந்த ஊசி பட்ட இடம் பிறகு இப்படி ஒட்டும், ஆற்று மீனுக்கு யார் ஊசி போட்டது? இப்படி ஒட்டின மீன் அவர் கையால் எத்தனை லட்சம் போயிருக்கும். தொழிற்சாலையில் மீனுக்கு மூன்று தரம். திறந்த கணமே தரத்தைக் கத்திச் சொல்லவேண்டும், இயந்திர இரைச்சலுக்கு மேலால், நாள் முழுக்க, கண் கண்டதும் வாய் சொல்லும், இடையில் மூளைக்கு வேலை இல்லை. ஒட்டின குடல் என்றால் கடைசித் தரம். த்ரே! மூன்று!

கத்திவிட்டார். ஆற்றங்கரைப் புல்லில், இயந்திரமும் இல்லை இரைச்சலும் இல்லை, ஒரு குருவி கத்திக்கொண்டிருந்த அந்தக் காலையில், “த்ரே!” என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு நிமிர்ந்தால் இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னப்பா மூண்டு? அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். மூன்று இறாத்தல் குடல் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். பண்ணை மீன், ஊசி போட்டது, பாருங்கோ என்று விரலை விட்டுக் காட்டினார்! காட்டும்போது ஒரு சந்தோசமும் இருந்தது, அதை மறைக்கேலாது, இந்த நாட்டில் ஒரே ஒரு விசயம் எனக்கு உங்களைவிடத் தெரியும் என்கிற சந்தோசம். சனியன். இருபத்தேழு வருசத்துச் சனியன். ஆரூரனின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியது. “உங்களுக்கு ஆத்து மீனைப் பற்றி என்ன தெரியும் அப்பா? நீங்கள் பண்ணை மீனைத் தவிர வேற மீன் கண்டனியளோ?” என்றான். பிறகு கதைக்கவில்லை. ஒட்வார் குனிந்து வயிற்றுக்குள் பார்த்தார், சில ஆற்று மீனுக்கும் இப்படி இருக்கலாம், எனக்குச் சரியாகத் தெரியாது, உறை போகட்டும், மாரியில் பதில் வரும் என்றார். பலகை சுவரோரம் சாத்திக் கிடந்தது, கீறின பென்சில் கோட்டோடு, மூன்று நாள். புதன் பின்னேரம் அந்த மீனைத்தான் அவித்துச் சாப்பிட்டார்கள். நாக்கில் வைத்ததுமே பண்ணை மீன்தான் என்று கொழுப்புச் சொன்னது. தில்லைநாதன் விழுங்கினார். இன்னும் கொஞ்சம் என்று ஒட்வார் தட்டை நீட்டினார், வேண்டாம் என்றார், தட்டு போய்விட்டது.

கயிறு எதிலோ இழுபட்டது. நெஞ்சு ஒருதரம் துள்ளியது. கல். மெதுவாகச் சுண்டி எடுத்தார். வாள்சத்தம் நின்று கனநேரம், மரம் இப்போது கிட்ட, இருபது அடி இருக்காது, தோல் உரிந்த வெள்ளைத் தண்டு ஆற்றுக்குமேல் சாய்ந்து கிடக்கிறது. விறகாகத்தான் அறுத்திருப்பார். வேறென்ன, பென்சில் கோட்டோடு அதை யாருக்கு விட்டுவைக்கிறது. ஓகஸ்ட் முப்பத்தொன்றுக்குப் பிறகு எங்கே? ஒஸ்லோவில் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான், அவனுடைய வரவேற்பறைக் கதிரையில் எத்தனை இரவு? மனோரஞ்சிதத்தின் சேலைப் பெட்டியை எங்கே வைக்கிறது? சாமித்தட்டை? நகரசபைக்குப் போய், பிழை விட்டுவிட்டேன், திருப்பித் தாருங்கள் என்றால், வரிசையில் பெயரைப் பதியுங்கள் என்பார்கள், சிரித்த முகத்தோடு சொல்வார்கள், இந்தச் சனத்துக்கு முகம் மட்டும் கோணாது. இல்லை, இல்லை, ஏன் இப்படி நினைக்கவேண்டும்? பெடியன் கோபத்தில் இருக்கிறான், அவ்வளவுதான், கோபம் இறங்கினால் கதைப்பான். கோபத்தை இறக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பொய். ஒரே ஒரு பொய். கத்தியைப் பிடித்த காலம் முழுக்க ஒரு மீனின் தரத்தை அவர் மாற்றிச் சொன்னதில்லை, மேற்பார்வையாளன் கண்ணைக் காட்டியும் சொன்னதில்லை, அந்த ஒரு பெருமைதான் மிச்சம், அதைக் கொண்டுபோய் எந்தக் கடையில் விற்கிறது? ஓர் அடி. ஓர் அடி. வீச மறந்து இரண்டு அடி நடந்துவிட்டார். மரத்தடிக்கு வந்ததும் கையை மரத்தில் ஊன்றிக்கொண்டு திரும்பி நின்றார்.

ஆரூரன் தலையைக் குனிந்தபடி வந்தான். தாயின் நெற்றி, தாயின் நடை.

“தம்பி.”

“ம்.”

“அந்த மீன். நான் பிழையாச் சொல்லிப்போட்டன். மூண்டு நாளா யோசிச்சுப் பாத்தன். அது ஆத்து மீன்தான்.”

ஆரூரன் நிமிர்ந்தான். “குடல் ஒட்டியிருக்கெண்டு சொன்னனியள்?”

“வருத்தம் வந்த மீனுக்கும் ஒட்டும். எனக்கு அது நினைவு வரேல்லை. ஊசி மீன் வேற மாதிரி. கனகாலம், மறந்துபோச்சு, வயசு.”

“உண்மையாவோ அப்பா?”

“பின்ன என்ன, பொய்யோ சொல்லுறன்.”

முப்பத்துநாலு வயது ஆள், தகப்பனாகப் போகிறவன், முகம் சைக்கிள் ஓடின பெடியனாக மாறியதைத் தில்லைநாதன் பார்த்தார். பொய் இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் புதன்கிழமையே சொல்லியிருக்கலாம். ஆரூரன் வந்து பக்கத்தில் நின்று, ஈரக்கையால் அவர் தோளைப் பிடித்தான்.

“நான் உங்களோட கோவிச்சுக்கொண்டு திரிஞ்சது பிழை. ஞாயிற்றுக்கிழமையே சொல்லவேணுமெண்டு இருந்தனான் அப்பா. உங்களை நேரில கண்டுதான் சொல்லவேணும், போனில சொன்னா நீங்கள் வேற மாதிரி நினைப்பியள்.”

“சொல்லு தம்பி.” கையிலிருந்த தூண்டிலை மரத்தில் சாத்தினார்.

“கீழ்வீடு திருத்துறமெல்லே. சில்யேயின்ர அப்பா வாறார். அவர் தனிய, வயசும் போகுது, முழங்கால் ஒப்பரேஷன் செய்யவேணும். பிள்ளையையும் பாத்துக்கொள்ளுவார்.” அவன் மூச்சு விட்டான். “நீங்கள் வரமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். கேட்டனான்தானே. அம்மாவை விட்ட இடத்தை விட்டு வரன் எண்டு சொன்னனீங்கள். அதை நான் மதிக்கிறன் அப்பா. ஆனா சில்யே சொன்னா, திரும்ப ஒருக்காக் கேளுங்கோ எண்டு. நான் சொன்னன், அப்பா ஒருதரம் சொன்னாச் சொன்னதுதான், திரும்பக் கேட்டா அவருக்கு அவமரியாதை எண்டு.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு செம்மறி நின்று இவர்களைப் பார்த்தது. இப்போது சொல்லலாம். தம்பி, நான் வீட்டை விட்டிட்டன், எனக்குப் போக இடமில்லை. எட்டுச் சொல்லும் இல்லை. சொன்னால் என்ன நடக்கும்? ஒட்வாரை வரவேண்டாம் என்பான், அல்லது மேல்மாடியில் ஒரு மூலையை ஒதுக்குவான், முகம் கோணாமல் ஒதுக்குவான், பிறகு காலம் முழுக்க அந்த மூலையில், கேட்டு வாங்கின மூலையில். வாய் திறந்தது.

“நல்லது தம்பி. ஒட்வார் நல்ல மனிசன்,” என்றது.

“உங்களுக்குக் கவலையில்லையே?”

“எனக்கென்ன கவலை. என்ர வீடு எனக்கு இருக்கு.”

குடிலுக்கு நடந்து வரும்போது மகன் கதைத்துக்கொண்டே வந்தான், மூன்று நாளும் கதைக்காததையெல்லாம் சேர்த்துக் கதைத்தான், பிள்ளைக்குப் பார்த்து வைத்திருக்கிற பெயர், நத்தாருக்கு அப்பா வந்து ஒரு கிழமை நிற்கவேண்டும், மாடி அறையில் கட்டில் போடலாம். தில்லைநாதன் ஓம் ஓம் என்றார். கிழிந்த சாக்குமாதிரி எல்லாம் ஒரு பக்கத்தால் விழ மறுபக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. ஆரூரன் வாகனத்தில் சாமான் ஏற்றப் போனான். இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சுவரில் இருபத்துநாலாவது மீன் ஏறியிருந்தது. புது மரத்தின் மஞ்சள் மாறாமல், மற்றவைகளுக்குப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைபோல் இருந்தது. பெயர், தேதி, ஒன்பது இருநூறு. ஒட்வார் வாயில் ஓர் ஆணியோடு தள்ளிநின்று நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியாக இருக்கிறதா, தில்லை?”

“சரி.” பிறகு, மகனுக்குச் சொன்னதை இவருக்கும் சொல்லி முடித்துவிடலாம் என்று தொடங்கினார். “அந்த மீனைப் பற்றி நான் சொன்னது பிழை. அது ஆற்று மீன்தான்.”

ஒட்வார் ஆணியை வாயிலிருந்து எடுத்தார். யன்னல் பலகையில் இருந்த செதில் உறையை எடுத்து, ஆரூரனின் பெயர் எழுதியிருந்த பக்கத்தை ஒருதரம் பார்த்து, அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டார். காலைக் கோப்பிக்கு மூட்டிய நெருப்பு இன்னும் இருந்தது, உறை சுருண்டு பற்றியது.

“நாற்பத்தைந்து வருசம் இந்த ஆற்றில் நிற்கிறேன்,” என்றார், சத்தத்தைக் குறைத்து. “வலையில் வந்த உடனேயே வாலைக் கண்டேன். வலைத்தொட்டியில் உரசித் தேய்ந்துபோன செட்டை. பண்ணை மீன், கிழவா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பெடியன் எட்டு வருசம் காத்திருந்தவன்.”

தில்லைநாதன் நின்றார். அப்படியென்றால் புதன் காலையில், இடுப்பளவு தண்ணீரில், வலையைப் பிடித்தபடியே இந்த மனிசன் முடிவெடுத்துவிட்டான். வாயை மூடிக்கொண்டு படம் எடுத்தான், செதிலைச் சுரண்டினான், பலகையில் கீறினான், பாட்டன் காலத்துச் சுவரைப் பெடியனுக்காகக் கெடுக்கத் துணிந்தான். பெற்ற தகப்பன் கத்தியைக் கையில் வாங்கித் தரம் கூவினான். ஒட்வாரிடம் பிழை தேடி ஆறு நாள் திரிந்தோமே என்று நினைக்க முகம் எரிந்தது. கீழ்வீடு சரியான ஆளுக்குத்தான் போகிறது. அதைத்தான் விழுங்கமுடியவில்லை.

“நீ வடக்கிலே தனியாக எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டார் ஒட்வார். “எனக்கு வீட்டை விட்டுவிட்டு வருவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீ உன் வீட்டை விடவில்லை. கெட்டிக்காரன்.”

“பழகின வீடு,” என்றார் தில்லைநாதன். “கடல் தெரியும்.”

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூவரும் வெளியே வந்தார்கள். அடுத்த குடும்பத்தின் வாகனம் மேட்டில் வந்து நின்றிருந்தது, சட்டப்படி மணியடிக்கும்வரை இறங்கமாட்டார்கள். ஒட்வார் கதவைப் பூட்டினார். ஆரூரன் படியில் குந்தியிருந்து சுடுகுடுவையைத் திறந்து, ஒட்வாருக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தான், தனக்கு ஒன்று ஊற்றினான். கோப்பியின் மணம் வந்தது. காலை ஆறு மணியிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை, தண்ணீரில் நின்ற கால் இரண்டும் இன்னும் தன்னுடையதாக இல்லை, அந்தச் சூட்டைக் கையில் பிடித்தாலே போதும் என்றிருந்தது தில்லைநாதனுக்கு.

“அப்பா, கோப்பி ஊத்தட்டோ? கடைசிக் கோப்பி.”

“வேண்டாம் தம்பி.”

“சரி,” என்றான் ஆரூரன் அன்பாக. குடுவையைக் கவிழ்த்து மிச்சத்தைப் படியோரப் புல்லில் ஊற்றினான். தில்லைநாதன் ஆவி அடங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேட்டில் வாகனக் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது.